ஒத்திவைத்த நாள், தீர்ப்பளித்த நாள்

12 ஜூலை 2023, புதன்

வாதம் முடிந்தது. தீர்ப்பு, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

நாலரை வருட வழக்கு இன்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. என் வக்கீல் சுந்தரவடிவேல் ஏழு நிமிடம் பேசினார். பிரிந்திருக்கும் என் மனைவி மெர்சியின் வக்கீலுக்கு நான்கு நிமிடம் போதுமானதாக இருந்தது. இதற்கெல்லாம் முன்னால் நீதிபதிகள் இருவரும் என் மகள் ஷெரினைத் தங்கள் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார்கள். தகப்பன் கூடாது, தாய் கூடாது, வக்கீல்கள் கூடாது. அது மட்டும் நாற்பத்திரண்டு நிமிடம். பதினைந்து வயதுப் பெண்ணிடம் அவ்வளவு நேரம் கேட்க என்ன இருக்கிறது?

வெளியே வந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. மெர்சியையும் பார்க்கவில்லை. இதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். பெண் நீதிபதி இருக்கைக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை முழுவதுமாகக் குடித்தார். மூத்தவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஜட்ஜ்மென்ட் அன்னிக்கு மூணு பேரும் வரணும்," என்றார்.

"என்னிக்கு?" என்று கேட்டுவிட்டேன். சுந்தரவடிவேல் என் சட்டைக்கையை இழுத்தார். முப்பது வருடமாகப் புள்ளியியல் கற்பிக்கிறவன் தேதி கேட்பது குற்றமா?

நான் மேல்முறையீடு செய்தது மகளுக்காக. அதோடு, இருபத்து மூன்றாம் பத்திக்காகவும். குடும்ப நல நீதிமன்றம் ஷெரினை மெர்சியிடம் ஒப்படைத்து எழுதிய தீர்ப்பில் அந்தப் பத்தி இருக்கிறது. "தகப்பனார் மகளைப் பார்ப்பதைவிட, பார்த்ததைப் பதிவு செய்வதிலேயே அதிக அக்கறை காட்டுகிறார்." ஒரு மனிதனைப் பற்றி அரசு முத்திரையோடு எழுதப்பட்ட வாக்கியம். இது அழிக்கப்பட வேண்டும்.

13 ஜூலை, வியாழன்

மாலையில் வழக்குப் பட்டியல் வெளியானது. எங்கள் எண் இல்லை. ஒரே நாளில் வராது என்று தெரியும். பார்த்தேன்.

22 ஜூலை, சனி

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் பத்து மணி முதல் ஐந்து மணி வரை மகள் என்னோடு இருக்கலாம் என்பது உத்தரவு. நாகர்கோவிலிலிருந்து மெர்சி கூட்டிக்கொண்டு வருவாள். பாளையங்கோட்டையில் நான் இருக்கும் வீட்டின் கேட்டைத் தாண்டி உள்ளே வர மாட்டாள்.

இன்று 10.14.

"பதினாலு நிமிஷம்," என்றேன்.

"நாங்குநேரியில பஸ்ஸு பஞ்சர். டிரைவர்ட்ட ஒரு சர்டிபிகேட் எழுதி வாங்கிட்டு வரட்டா?"

நன்றாகப் பேசுவாள். அவளுடைய அண்ணன் டாக்டர் இன்னும் நன்றாகப் பேசுவான். எங்கள் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் என் சம்பளத்தை என்னிடமே கேட்டு, "பரவால்ல, வாத்தியாருக்கு லீவு ஜாஸ்தி" என்று சிரித்தவன். இருபது வருடமாகிறது. நான் எதையும் மறப்பதில்லை.

பதிவேட்டில் வந்த நேரத்தை எழுதி ஷெரினிடம் கையெழுத்து வாங்கினேன். நான்கு வருடமாக ஒரு வருகைகூட விடுபடாமல் இந்தப் பதிவேடு இருக்கிறது. தொண்ணூற்றாறு வருகைகளில் எழுபத்தொன்று தாமதம். மேல்முறையீட்டில் இதுதான் எங்களுடைய முக்கிய ஆவணம்.

மத்தியானம் விளமீன் குழம்பு வைத்தேன். அவள் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

"மீன் உனக்குப் பிடிக்குமே."

"ஒம்பதாப்பு வரைக்கும் பிடிக்கும்."

"ஒம்பதாப்புல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. பிடிக்கல."

எப்போது நிறுத்தினாள் என்று குறித்துக்கொள்ள மாதம் கேட்டேன். ஞாபகமில்லை என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும், நீதிபதிகள் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"அப்பாட்டகூடவா?"

"அப்பாட்டயும் அம்மாட்டயும்தான் சொல்லக்கூடாதாம். மத்தவங்கட்ட சொன்னா பரவால்லன்னு அந்த ஜட்ஜம்மா சிரிச்சாங்க."

2 ஆகஸ்ட், புதன்

சுந்தரவடிவேலைப் போனில் பிடித்தேன். மூன்று வாரமாகிறது, எதற்கு இந்த ஒத்திவைப்பு என்று கேட்டேன்.

"ரிசர்வ்னா ரிசர்வ்தான் சார். நாம போய்க் கதவைத் தட்ட முடியாது."

"பதினொரு நிமிஷம் கேட்ட விஷயத்துக்கு இத்தனை நாளா?"

"பிள்ளை கேஸ்ல அவசரப்பட மாட்டாங்க. நிலத்தைத் தப்பா ஒருத்தனுக்கு எழுதிட்டாங்கன்னு வைங்க, மேல போய் வாங்கிக்கலாம். பிள்ளையோட ரெண்டு வருஷத்தை எங்க போய் வாங்குறது? அதான் யோசிப்பாங்க."

"வேற காரணம்?"

"வேலை. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் பார்க்குறாங்கன்னு நீங்களே பார்த்தீங்கள்ல. அப்புறம் இன்னொண்ணும் உண்டு. சில பெஞ்சு நிறுத்தி வைக்கும். நடுவுல புருஷனும் பொண்டாட்டியும் பேசி முடிச்சுக்கிட்டு வந்து நிக்க மாட்டாங்களான்னு ஒரு ஆசைதான்."

"நாங்கள் பேச மாட்டோம்."

"அது எனக்குத் தெரியும் சார். அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

இவையெல்லாம் அபிப்பிராயங்கள். எனக்கு அபிப்பிராயம் போதாது. ஒத்திவைக்கப்பட்டு வெளிவருகிற ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கின்றன: ஒத்திவைத்த நாள், தீர்ப்பளித்த நாள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இடைவெளி. தீர்ப்புகளோ யார் வேண்டுமானாலும் படிக்க இணையத்தில் கிடக்கின்றன. குழந்தைகளின் பொறுப்பு பற்றிய மேல்முறையீடுகளை மட்டும் இறக்கிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். நூறு போதும். இடைவெளி, பக்கங்கள், குழந்தையின் வயது, குழந்தையிடம் நீதிபதிகள் தனியாகப் பேசினார்களா, ஜெயித்தது யார். அட்டவணையில் ஐந்து நெடுவரிசைகள்.

பல மாதங்களுக்குப் பிறகு இன்று ஒரு வேலை செய்த திருப்தி.

12 ஆகஸ்ட், சனி

10.06. ஷெரினின் கையெழுத்து மாறிவிட்டது. முன்பு பெயர் முழுவதும் எழுதுவாள். இப்போது ஒரு எழுத்தும் ஒரு கோடும்தான். சரியாகப் போடச் சொன்னேன். போட்டாள்.

19 ஆகஸ்ட், சனி

அறுபத்து நான்கு தீர்ப்புகள் ஆகிவிட்டன. துறையறையில் அச்செடுத்துக்கொண்டிருந்தபோது இசக்கியப்பன் எட்டிப் பார்த்தார். ஒரே நாளில் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது, அவருக்குப் போனது. கல்லூரி முதல்வரும் அவரும் ஒரே ஊர்.

"என்னவே இது, ஜட்ஜுமாருக்கு இன்டர்னல் மார்க் போடுதீரா?"

"ஆய்வு."

"பாத்துவே. பெயிலாக்கிராதீரும். உம்ம பேப்பர் அவங்க கையில இருக்கு."

சிரித்துக்கொண்டே போனார். சிரிக்கட்டும். முடிவுகள் தெளிவாக இருக்கின்றன. பக்கங்களின் எண்ணிக்கைக்கும் இடைவெளிக்கும் தொடர்பில்லை. ஜெயித்தது தகப்பனா தாயா என்பதற்கும் தொடர்பில்லை. ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. நீதிபதிகள் குழந்தையிடம் பேசாத வழக்குகளில் இடைநிலை அளவு இருபத்து நான்கு நாள். பேசிய வழக்குகளில் எழுபத்தொன்று.

அதாவது குழந்தையைப் பார்த்துவிட்டால் எழுதத் தாமதிக்கிறார்கள். உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று பொருள். சட்டம் படித்தவர்கள் இப்படி இருக்கக் கூடாது.

29 ஆகஸ்ட், செவ்வாய்

பட்டியலில் இல்லை. நாற்பத்தெட்டு நாள்.

9 செப்டம்பர், சனி

வரவில்லை. 9.20-க்கு மெர்சி போன் செய்தாள். காய்ச்சலாம்.

"எத்தனை டிகிரி?"

"நூத்தி ஒண்ணு."

"எப்ப பார்த்தது?"

 "எட்வின், புள்ளைக்குக் காய்ச்சல். சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்த கேளுங்க," என்றாள்.

கேட்டேன். கஞ்சி குடித்தாளாம். பதிவேட்டில் "வரவில்லை, காய்ச்சல் என்று தாய் கூறினார்" என்று எழுதினேன். வாங்கி வைத்திருந்த கறியை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

17 செப்டம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போனால் நலம் விசாரிப்பார்கள்.

இதுவரை தீர்ப்புகளின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் பார்த்துவந்தேன். நடுவில் இருப்பதைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. நீதிபதிகள் குழந்தையிடம் பேசினார்களா என்பதைத் தேடிப் பிடிக்க அந்தப் பத்திக்கு மட்டும் போவேன். ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான்.

எண்பத்தேழாவது தீர்ப்பு. எட்டு வருடம் பழையது. வள்ளியூர். தகப்பன் சுடலைமுத்து, பஸ் கண்டக்டர். தாய் பேச்சித்தங்கம், தையல்காரி. குழந்தையின் பெயரை எடுத்துவிட்டு ஒற்றை எழுத்து போட்டிருக்கிறார்கள். மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது: ஊர், தெரு, படித்த பள்ளிக்கூடம். குழந்தைக்கு அப்போது பதினொரு வயது. நீதிபதியின் அறையில் அவள் சொன்னதை அவர் அவள் வார்த்தைகளிலேயே எழுதியிருக்கிறார். "நான் செருப்பு போட்டுக்கிட்டுதான் தூங்குவேன். சண்டை வந்தா அடுத்த வீட்டுக்கு ஓடணும். ஒரு தடவ வெறுங்கால்ல ஓடுனப்ப கண்ணாடி குத்திட்டு."

எங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், காந்திமதி. வருகைப் பட்டியலில் அவளுடைய தகப்பன் பெயர் சுடலைமுத்து. ஊர் வள்ளியூர். வயது பத்தொன்பது. நிகழ்தகவுக் கணக்குகளை மற்றவர்கள் பேனாவை எடுப்பதற்குள் முடித்துவிடுவாள். எழுந்து பதில் சொல்ல மட்டும் மாட்டாள்.

இடைவெளி எண்பத்திரண்டு நாள். குறித்துக்கொண்டேன். எண்பத்தெட்டாவதைத் திறக்கவில்லை.

19 செப்டம்பர், செவ்வாய்

இரண்டாம் ஆண்டுக்கு முதல் மணி நேரம் எனக்கு. காந்திமதி இடது பக்கம் முதல் பெஞ்சில் இருந்தாள். பாடம் நடத்தும்போது மூன்று முறை அவள் காலைப் பார்த்தேன். நான்காவது முறை அவள் கால்களைப் பெஞ்சுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்படியில்லை என்று சொல்ல வழியில்லை. சொல்வதென்றால் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டும்.

அந்த வகுப்பில் நாற்பத்தாறு பேர். எல்லோரிடமும் போன் இருக்கிறது. அவளுடைய அப்பா பெயரையும் ஊரையும் தட்டினால் போதும். நான் தட்டிப் பார்த்தேன். இரண்டாவதாக வருகிறது.

23 செப்டம்பர், சனி

9.58. இந்த முறை முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஷெரின் இளைத்திருக்கிறாள். காய்ச்சலில் வாய் கசந்துபோயிருந்தது என்றாள். எலுமிச்சம்பழ ரசம் வைத்தேன். இரண்டு தரம் ஊற்றிக்கொண்டாள்.

கணக்குப்பதிவியல் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்து முடித்த பிறகும் புத்தகத்தை மூடாமல் இருந்தாள்.

"அப்பா, அவங்க எப்ப எழுதி முடிப்பாங்க?"

"யாரு?"

"ஜட்ஜுமாரு."

"தெரியலம்மா. எழுபது நாளைத் தாண்டிட்டு. இனி எப்ப வேணும்னாலும் வரலாம்."

"நான் சொன்னதெல்லாம் அதுல வருமா?"

"காரணம் எழுதாம தீர்ப்பு எழுத முடியாது."

"நான் சொன்னபடியேவா?"

"சில பேர் அப்படியே எழுதுவாங்க."

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அம்மா படிப்பாங்க. நீங்களும் படிப்பீங்க. இல்ல?"

"எல்லாரும் படிக்கலாம்," என்றேன். உண்மையைச் சொன்னேன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பயந்திருக்கிறாள். அந்த அறையில் எதையோ சொல்லிவிட்டு, இரண்டு மாதமாக அது வெளியே வந்துவிடுமே என்று தினம் தினம் பயந்துகொண்டிருக்கிறாள். அந்தக் காய்ச்சல்கூட அதனால்தானோ என்னவோ.

என்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள். வேறு யாரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது? மெர்சியைப் பற்றியும் இருக்கலாம். சரிபாதி என்று எழுத ஆசைதான். ஆனால் நான் கணக்குப் படித்தவன்.

27 செப்டம்பர், புதன்

விடுப்பு போட்டு மதுரைக்குப் போனேன். சுந்தரவடிவேலின் அறையில் ஃபேன் ஓடவில்லை. ஒரு பழைய வழக்குக் கட்டினை விசிறிபோல் வைத்து வீசிக்கொண்டிருந்தார்.

"ஷெரின் அறையில் பேசியதைத் தீர்ப்பில் எழுதவேண்டாம் என்று கேட்க முடியுமா?"

"எப்படி சார்? அவ பேச்சுலதான் கேஸே நிக்குது. அவ வயசுக்கு அவ என்ன சொல்றாளோ அதுதான் முக்கியம். அதை விட்டுட்டு என்னத்தை எழுதுவாங்க?"

"தீர்ப்பே வராமல் இருக்க வழியிருக்கிறதா?"

விசிறுவதை நிறுத்தினார். "என்ன சொல்றீங்க?"

"வாபஸ்."

"சார், பைத்தியமா உங்களுக்கு? கோவிச்சுக்காதீங்க. நாலரை வருஷம்! அந்த அம்மாவோட வக்கீலை ஜட்ஜம்மா எப்படி மடக்குனாங்கன்னு பார்த்தீங்கள்ல? எனக்கென்னமோ இது நம்ம பக்கம் வரும்னு தோணுது."

"தோணுதா, தெரியுமா?"

"தோணுது." கட்டினை மேஜையில் வைத்தார். "வாபஸ் வாங்கினா என்ன ஆகும்னு கேட்டுக்கங்க. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு அப்படியே நிக்கும். பொண்ணு அம்மாகிட்ட. உங்களுக்கு ரெண்டு சனிக்கிழமை. அந்த இருபத்து மூணாம் பாராவும் நிக்கும். அதுக்காகத்தானே சார் என்னைத் தேடி வந்தீங்க? முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் பொண்ணு பேரைச் சொல்லல, அந்தப் பாரா நம்பரைத்தான் சொன்னீங்க."

இதை அவர் ஞாபகம் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவள் பேசிய குறிப்பு?"

"கவர்ல போட்டு ஒட்டி சீல் வெச்சிருவாங்க. யாரும் பார்க்க முடியாது."

"நான்?"

"யாரும்னா யாரும்தான். உங்களுக்கு எப்பவுமே தெரியாது சார். அந்தப் பொண்ணா வந்து சொன்னாத்தான் உண்டு."

திரும்பும்போது பஸ் கோவில்பட்டியில் அரை மணி நேரம் நின்றது. எல்லோரும் இறங்கிக் கடலைமிட்டாய் வாங்கினார்கள். நான் இறங்கவில்லை.

30 செப்டம்பர், சனி

எண்பது நாள். தீர்ப்பு வந்தால் நான் ஜெயிக்கலாம். இருபத்து மூன்றாம் பத்தி ரத்தாகலாம். மெர்சியின் அண்ணன் முகத்தில் அந்தத் தாளை விட்டெறியலாம். இசக்கியப்பனின் மேஜையில் ஒரு பிரதியை மறந்து வைத்துவிட்டு வரலாம். இதையெல்லாம் நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கேயோ ஒருவன் என்னைப்போல உட்கார்ந்து நூறு தீர்ப்புகளை எண்ணுவான். எங்கள் தீர்ப்பை இறக்குவான். குழந்தையிடம் பேசினார்களா, ஆம். வயது, பதினைந்து. அந்தப் பத்தியைக் கொஞ்சம் கூடுதலாகவும் படிப்பான். நானும் படித்தேனே.

4 அக்டோபர், புதன்

வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணங்கள்" என்று சுந்தரவடிவேலின் குமாஸ்தா அடித்திருந்தார். நான் நீளமாக ஒன்று எழுதிப் பார்த்தேன். பிறகு அவர் அடித்ததையே விட்டுவிட்டேன்.

9 அக்டோபர், திங்கள்

பட்டியலில் வந்துவிட்டது. நாளை. "தீர்ப்புக்காக" என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது எண் எங்களுடையது. மனு போய்ச் சேர்ந்ததா என்று சுந்தரவடிவேலுக்குப் போன் செய்தேன். சேர்ந்துவிட்டதாம். ஆனால் தீர்ப்பும் எழுதி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல சார். காலையில ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மனுவை எடுத்துருவேன். தீர்ப்பை வாங்கிக்கலாம்."

காலையில் சொல்கிறேன் என்றேன்.

10 அக்டோபர், செவ்வாய்

தொண்ணூறாவது நாள்.

காலையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சுந்தரவடிவேல் என் முகத்தைப் பார்த்தார், அங்கியைச் சரிசெய்துகொண்டார், உள்ளே போனார்.

மெர்சியும் ஷெரினும் பின்வரிசையில் இருந்தார்கள். ஷெரின் பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். முடிந்ததும் பள்ளிக்கூடம் போகலாம் என்று நினைத்திருப்பார்களோ, அல்லது நீதிபதிகள் முன்னால் வேறென்ன உடுத்துவது என்று தெரியவில்லையோ.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் சுந்தரவடிவேல் வாபஸ் மனுவைப் பற்றிச் சொன்னார். மூத்த நீதிபதியின் முன்னால் பச்சை நாடா கட்டிய கட்டு ஒன்று இருந்தது. முப்பது பக்கம் இருக்கும். அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு என்னை முன்னால் வரச் சொன்னார்.

"படிச்சவர் நீங்க. தீர்ப்பு ரெடியா இருக்கு, தெரியுமில்லையா?"

"தெரியும், ஐயா."

"யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா?"

"இல்லை."

"பணம், சமாதானம், அப்படி ஏதாவது?"

"இல்லை."

"அப்போ ஏன்?"

 பெண் நீதிபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் சொன்னது என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் என்னை இப்படிப் பார்க்கிறார் என்றால் அது எப்படிப்பட்ட பேச்சாக இருக்கும் என்று அந்த முகத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டு எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. "மன்னிக்கவும், தீர்ப்பைச் சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியம். அது என் வாய்வரை வந்தது என்பதை மறைக்கவில்லை.

"குடும்பக் காரணம், ஐயா," என்றேன்.

இருவரும் தலையைச் சாய்த்து மெல்லப் பேசிக்கொண்டார்கள். மூத்தவர் அனுமதி அளித்தார். அறைக் குறிப்பை உறையிலிட்டு முத்திரை வைக்கவேண்டும், நீதிமன்றத்தின் அனுமதியின்றி யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். பச்சை நாடாக் கட்டினை எழுத்தர் எடுத்துப் பின்னால் கொண்டுபோனார். நான்காவது எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் மெர்சி என்னை நிறுத்தினாள். நாலரை வருடத்தில் கோர்ட்டில் அவளாக வந்து என்னிடம் பேசியது இதுதான் முதல் முறை.

"என்ன, தோத்துருவீங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரோ?"

"ஆமா," என்றேன்.

அவள் எதிர்பார்த்தது அந்தப் பதில் இல்லை.  "சரி. சாப்பிட்டுட்டுப் போங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் வக்கீலைப் பார்க்கப் போனாள்.

ஷெரின் தூணருகே நின்றாள். நான் அவளிடம் போனேன். நிம்மதியாக இருப்பாள், இன்றாவது சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"இனி பயப்படாத. நீ சொன்னது எதுவும் வெளிய வராது. உறையில வச்சு ஒட்டிட்டாங்க."

"யாரும் படிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அறையிலிருந்து வெளியே வந்த நாளுக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தது இப்போதுதான்.

"நீங்க படிப்பீங்கன்னுதானப்பா அவ்வளவு நேரம் பேசினேன்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றேன்.

"உங்கட்ட நேர்ல சொன்னா எத்தன மணிக்கு, எந்த மாசம்னு கேப்பீங்க. கோர்ட்டுப் பேப்பர்ல இருந்தா முழுசாப் படிப்பீங்க. நம்புவீங்க. அந்த ஜட்ஜம்மாட்ட நானேதான் கேட்டேன், அப்படியே எழுதுங்க, எங்கப்பா படிக்கணும்னு."

அழவில்லை. குரல்கூட மாறவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். மெர்சி கூப்பிட்டாள். போய்விட்டாள்.

உறையைத் திறக்க மனுச் செய்யலாமா என்று படிக்கட்டில் வைத்தே சுந்தரவடிவேலிடம் கேட்டேன். அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டே, "வீட்டுக்குப் போங்க சார்," என்றார்.

14 அக்டோபர், சனி

10.20. காரணம் கேட்கவில்லை.

காலை முழுவதும் மழை. ஷெரின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். செய்தித்தாளை ஒருமுறை படித்தேன், மறுபடியும் படித்தேன். மத்தியானம் அவள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட சொல்லும்மா," என்றேன். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ சொல்லு."

எழுதுவதை நிறுத்தினாள். முயற்சி செய்தாள், அதை நான் பார்த்தேன். வாய் திறந்தது.  ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"வரலப்பா," என்றாள் கடைசியில். "அன்னைக்கு வந்துச்சு."

"ஏன்?"

கேட்க மாட்டேன் என்று சொன்ன அடுத்த நிமிடத்தில் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தாள்.

"அன்னைக்கு அந்த ஜட்ஜம்மா என் கையப் பிடிச்சிட்டே இருந்தாங்க."

மேஜைமேல் அவள் இடது கை இருந்தது. நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டுகிற தூரம்தான். எத்தனையோ நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை எடுக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு மெர்சி கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றாள்.